பின் பிரேக் லூஸா? நட்டைத் திருகறதுக்கு முன்னாடி...

ஸ்கூட்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே ரிப்பேர் இதுதான். இடது கை லிவர் தொளதொளன்னு ஆயிடுச்சா? மெக்கானிக் கடை வாசல்ல வண்டியை நிறுத்து. "அண்ணே, பின் பிரேக்கைக் கொஞ்சம் டைட் வச்சிடுங்க." அவரும் இன்னொரு வண்டிக்குச் செய்துகிட்டிருக்கிற வேலையை விட்டுட்டு, ஸ்பேனரோட பின் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு, ஒரு நட்டை நாலு சுத்து சுத்துவார். லிவரை ரெண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார். "ஓகே தம்பி." பாதி நேரம் காசு கூட வாங்க மாட்டார். நாமும் நல்ல மனுஷன்னு நினைச்சுகிட்டு வந்துடுவோம்.

நல்ல மனுஷன்தான், மறுக்கல. ஆனா அந்த நாலு சுத்துல சரியானது லிவர். பிரேக் சரியாச்சான்னு அவரும் பார்க்கல, நாமும் கேட்கல. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லைங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. பின் பிரேக் லூஸ் ஆகுறது ஒரு கோளாறுங்கிறதை விட, பிரேக் நமக்குக் கொடுக்கிற கணக்குன்னு சொல்றதுதான் சரி. நட்டை மட்டும் திருகிட்டு வர்றது, கணக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போடற மாதிரி.

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். மெக்கானிக்கல் ஆளுங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம்ம ஊர்ல ஓடற ஸ்கூட்டர்கள்ல முன் பக்கம் டிஸ்க் இருந்தாலும் பின் பக்கம் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். சக்கரத்தோட நடுவுல ஒரு வட்டமான டப்பா. அதுக்குள்ள அரை நிலா மாதிரி ரெண்டு ஷூ. அதோட வெளிப்பக்கத்துல ஒட்டியிருக்கிற உராய்வுப் பொருளைத்தான் மெக்கானிக் கடையில 'லைனர்'னு சொல்றாங்க. லிவரை அமுக்கினா ஒரு கேபிள் இழுபடும். அந்தக் கேபிள் சக்கரத்துப் பக்கத்துல இருக்கிற சின்ன ஆர்மை இழுக்கும். ஆர்ம் திரும்பினா உள்ளே ஒரு கேம் திரும்பி ரெண்டு ஷூவையும் விரிக்கும். லைனர் டிரம்மோட உள் சுவர்ல போய் உரசும், வண்டி நிற்கும். கையை எடுத்தா ஸ்பிரிங் ஷூவைப் பழையபடி உள்ளே இழுத்துக்கும். அவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது.

ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் லைனர் கொஞ்சம் தேயும். தேயத் தேய, அது டிரம்மைத் தொட இன்னும் கொஞ்சம் அதிகமா விரியணும். அதிகமா விரியணும்னா கேம் அதிகமா திரும்பணும், கேபிள் அதிகமா இழுபடணும், லிவர் அதிகமா உள்ளே போகணும். நாம 'லூஸ்'னு சொல்றது இதைத்தான். கார்ல வர்ற டிரம் பிரேக்ல இந்த இடைவெளியைத் தானாவே சரி பண்ணிக்கிற அமைப்பு பொதுவா இருக்கும். ஸ்கூட்டர்ல கிடையாது. அந்த வேலையைச் செய்யத்தான் ஆர்ம் முனையில நட்டு.

ஸ்கூட்டர்ல அந்த வசதி இல்லாதது ஒரு விதத்துல நல்லதுன்னே எனக்குத் தோணுது. டிஸ்க் பிரேக் தேய்மானத்தை லிவர்ல காட்டவே காட்டாது. பேட் தேயத் தேய பிஸ்டன் தானா முன்னாடி வந்துடும். லிவர் கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டிப் பார்த்தாத்தான் பேட் எவ்வளவு மிச்சம்னு தெரியும். டிரம் பிரேக் அப்படி இல்ல. வாயைத் திறந்து சொல்லுது, நான் தேயுறேன், நான் தேயுறேன்னு. நாம நாலு சுத்துல அதோட வாயை அடைச்சுடறோம்.

பி.காம். படிக்கிறவன் கையில இந்த விஷயம் கிடைச்சா என்ன ஆகும்? கணக்குப் பதிவியல்ல எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற வார்த்தை தேய்மானம். ஒரு இயந்திரம் வாங்கினா வருஷா வருஷம் அதோட மதிப்புல ஒரு பகுதியைக் கழிச்சுகிட்டே வரணும். கழிக்காம விட்டா லாபம் பிரமாதமா தெரியும். ஒருநாள் இயந்திரம் படுத்துடும், அன்னிக்குத்தான் லாபம்னு நாம நினைச்சதுல பாதி பொய்னு புரியும். நட்டு திருகறதும் அதே வகைதான். ஒவ்வொரு தடவை திருகும்போதும் லிவர் புது வண்டி மாதிரி ஆயிடுது. லைனர் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூட வளர்றதில்ல. புத்தகத்துல தேய்மானம் பூஜ்யம், உள்ளே சொத்து கரைஞ்சுகிட்டிருக்கு. (எங்க துறை வாத்தியார் இதைப் படிச்சா உதாரணத்துக்கு அஞ்சு மார்க் போடுவார்னு நம்பறேன் :-) )

அப்போ நட்டைத் திருகவே கூடாதா? தாராளமா திருகலாம். திருகணும். அது அங்கே இருக்கிறதே திருகறதுக்குத்தான். ஆனா திருகறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய ஒரு பொருள் அதே இடத்துல, நட்டிலிருந்து சில விரல் தூரத்துலயே இருக்கு. அதை முக்கால்வாசிப் பேர் பார்த்ததே இல்ல.

ஒரு அம்புக்குறி. பெரும்பாலான ஸ்கூட்டர்கள்ல ஆர்ம் மேலேயோ, ஆர்மோட அடியில இருக்கிற தகட்டு மேலேயோ சின்னதா ஒரு அம்பு இருக்கும். அதுக்கு எதிர்ல, அசையாத பாகத்துல ஒரு அடையாளம் செதுக்கியிருக்கும். லிவரை முழுசா அமுக்கிப் பிடிச்சுகிட்டுப் பார்க்கணும். அம்பு அடையாளத்துக்கு இந்தப் பக்கமே நின்னா லைனர் இன்னும் இருக்கு, நிம்மதியா நட்டைத் திருகலாம். அம்பு அடையாளத்துக்கு நேரா வந்துட்டா லைனர் முடிஞ்சது, ஷூ மாத்தணும். தாண்டியே போயிருந்தா, அந்த வண்டியில உங்களை ஏத்திகிட்டு வந்தவரை ஒரு தடவை உற்றுப் பார்த்துட்டு பஸ்ல ஏறிடுங்க.

என் வகுப்புத் தோழன் ஒருத்தனோட வண்டியில இப்படித்தான். அவசரத்துக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போக அவன் ஸ்கூட்டரை வாங்கிட்டுப் போனேன். தெரு முனையில லிவரை அமுக்கினா அது கைப்பிடியிலேயே போய் இடிக்குது. திரும்பி வந்து கேட்டா, "அது அப்படித்தான் மச்சி இருக்கும். பழகிடும். இப்போதான் சர்வீஸ் விட்டேன்"னான். நாலு மாசத்துல மூணு தடவை டைட் வச்சிருக்கானாம். சர்வீஸ் பில்லை எடுத்துக் காட்டினான். 'பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்'னு அழகா பிரிண்ட் ஆகியிருக்கு. கீழே குனிஞ்சு பார்த்தா நட்டு கம்பியோட மரை முடியற இடத்துக்கே வந்துடுச்சு. அம்பு அடையாளத்தைத் தாண்டி நிக்குது. மரை மட்டும் இன்னும் ஒரு இன்ச் நீளமா இருந்திருந்தா நாலாவது தடவையும் டைட் வச்சிருப்பாங்க.

அம்பு தாண்டின பிறகும் ஓட்டினா என்ன ஆகும்னு கேட்கலாம். லிவரோட கணக்கை விடுங்க, உள்ளே நடக்கிற வேலையே மாறிடும். ஆர்மும் கேபிளும் கிட்டத்தட்ட செங்கோணத்துல இருக்கும்போதுதான் கை கொடுக்கிற விசை முழுசா கேமுக்குப் போய்ச் சேரும். ஆர்ம் ரொம்ப முன்னாடி சாய்ஞ்சுட்டா அதே அளவு அமுக்கினாலும் பாதிதான் போகும். லைனர் முழுக்கத் தேய்ஞ்சுட்டா ஷூவோட இரும்போ அலுமினியமோ நேரா டிரம்மைச் சுரண்டும். பல ஸ்கூட்டர்கள்ல டிரம் சக்கரத்தோடயே சேர்ந்தது. சில நூறு ரூபாய் ஷூவை மிச்சம் பிடிக்கப் போய், சக்கரத்துக்குச் சில ஆயிரம் கொடுக்க வேண்டி வரும். எல்லாத்தையும் விட மோசமானது ஒண்ணு இருக்கு. ரொம்பத் தேய்ஞ்ச ஷூவுக்கு நடுவுல கேம் அளவுக்கு மீறித் திரும்பி, திரும்பி வராம அப்படியே சிக்கிக்கலாம். பிரேக் பிடிக்காததை விட, பிடிச்ச பிரேக் விடாதது ஓடற வண்டிக்கு இன்னும் ஆபத்து.

சில கடைகள்ல ஒரு கைவேலை உண்டு. மரை முடிஞ்சுட்டா ஆர்மைக் கழட்டி, கேம் தண்டுல ஒரு பல் தள்ளி மாட்டிடுவாங்க. மறுபடி திருக இடம் கிடைச்சுடும். சாமர்த்தியம்தான். ஆனா அம்பு ஆர்ம் மேலேயே இருக்கிற வண்டிகள்ல இதுக்கப்புறம் அம்பும் பொய் சொல்லும். வரவு செலவுக் கணக்கைத் திருத்தினதோட ஆடிட்டரையும் சரிக்கட்டின மாதிரி. யாராவது அப்படிச் செய்தா வண்டியை எடுத்துகிட்டு வந்துடுங்க.

சரி, லூஸுக்கு லைனர் மட்டும்தான் காரணமா? இல்ல. கேபிளும் இருக்கலாம். எது காரணம்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ரெண்டு பேர் போதும். இன்ஜினை அணைச்சு வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட்ல போடுங்க. ஒருத்தர் லிவரை மெதுவா அமுக்கணும். இன்னொருத்தர் பின்னாடி உட்கார்ந்து ஆர்மையே பார்க்கணும். லிவர் நகருது, ஆர்ம் அசையவே இல்லைன்னா லூஸ் கேபிள்லயோ லிவர் பக்கத்துலயோ இருக்கு. லிவர் கொஞ்சம் நகர்ந்ததுமே ஆர்மும் கூடவே நகருது, ஆனா ரொம்ப தூரம் போன பிறகுதான் சக்கரம் பிடிக்குதுன்னா லூஸ் டிரம்முக்குள்ள இருக்கு, அதாவது லைனர். இந்தச் சோதனைக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. இதுவரைக்கும் நான் எந்தக் கடையிலயும் யாரும் செய்து பார்க்கல.

கேபிள்னா என்ன பார்க்கணும்? புதுக் கேபிள் மாட்டின முதல் சில நாள்ல அது கொஞ்சம் இழுபட்டு லூஸ் ஆகும், அது சகஜம், அப்போ நட்டு திருகினா போதும். பழைய கேபிள்னா லிவர் பக்கம் முனையைப் பாருங்க. உள்ளே இருக்கிறது ஒத்தைக் கம்பி இல்ல, மெல்லிய இழைகள் முறுக்கினது. ஒரே ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிகிட்டிருந்தாலும் கேபிளை மாத்திடணும். மத்த இழையெல்லாம் வரிசையில நிக்குது. லிவரை விட்டதும் அது டக்குன்னு திரும்பாம மெதுவா, யோசிச்சுகிட்டே திரும்பினா உறைக்குள்ள துரு. மழைத் தண்ணியும் வீட்டு வாசல்ல பைப் வச்சு அடிக்கிற தண்ணியும் உள்ளே போய்ச் செய்யற வேலை. வெளி உறை அதோட குழியில சரியா உட்காராம வெளியே வந்திருந்தாலும் லூஸ் காட்டும். அதைத் தள்ளி உட்கார வச்சாலே தீர்ந்துடும்.

இப்போ முக்கியமான ஒரு பிரிவு. லூஸா இருக்கிறது வேற, பிடிக்காம இருக்கிறது வேற. லிவர் கிண்ணுன்னு இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது. இதுக்கு நட்டு மருந்தே இல்ல. ஆனா இதுக்கும் நட்டைத்தான் திருகறாங்க. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை.

லிவர் சரியா இருந்தும் பிரேக் பிடிக்காததுக்குப் பொதுவா மூணு காரணம். ஒண்ணு தண்ணி. தேங்கின தண்ணிக்குள்ள வண்டியை விட்டு வெளியே வந்தா டிரம்முக்குள்ள ஈரம் போயிருக்கும். சென்னையில ஒரு மழைக்காலம் ஓட்டினவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மெதுவா போய்கிட்டே லிவரை லேசா சில தடவை பிடிச்சு விட்டா சூட்டுல காய்ஞ்சு பிடிப்பு திரும்பிடும். ரெண்டாவது, லைனர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகுறது. அதிகச் சூட்டுல அப்படி ஆகும். மூணாவதுதான் ஸ்கூட்டருக்கே உரியது, பலருக்குத் தெரியாதது. ஸ்கூட்டர்ல பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே கியர் ஆயில் இருக்கிற பெட்டி இருக்கு. சக்கரம் அதிலிருந்து வர்ற தண்டுலதான் மாட்டியிருக்கு. அந்தத் தண்டைச் சுத்தி ஒரு ஆயில் சீல். அது கெட்டுப் போனா எண்ணெய் கசிஞ்சு நேரா டிரம்முக்குள்ள போய் லைனர்ல ஊறும். எண்ணெய் ஊறின லைனரை எவ்வளவு டைட் வச்சாலும் வழுக்கத்தான் செய்யும். பின் சக்கரத்தோட உள் பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பு அழுக்கும் சேர்ந்து ஒட்டியிருந்தா இதுதான். சீல், ஷூ ரெண்டையும் மாத்தணும். ஷூவை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் புது ஷூவும் ஊறும்.

நட்டைத் திருகறதுல இன்னொரு கோடியும் உண்டு. "நல்லா டைட்டா வைங்க"ன்னு கேட்டு வாங்கறவங்க. லிவர்ல கொஞ்சம் விளையாட்டு இருந்தே ஆகணும். எவ்வளவுங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். லிவர் முனையில அளந்து இத்தனை மில்லிமீட்டர்னு வண்டியோட வந்த கையேட்டுல போட்டிருக்கும். (கையேடு எங்கேன்னு கேட்டா சீட்டுக்கு அடியில, பாலித்தீன் கவர்ல, இன்னும் பிரிக்காம இருக்கும்.) சுத்தமா விளையாட்டே இல்லாம இறுக்கிட்டா நாம கையை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை உரசிகிட்டே இருக்கும். மைலேஜ் போகும். டிரம் சூடாகும். இப்போ சொன்னேனே, லைனர் வழவழன்னு ஆகுறது, அது இங்கேதான் ஆரம்பிக்குது. டைட் வச்சதுக்கப்புறம் சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு, இன்ஜின் அணைச்சிருக்கும்போது பின் சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. உரசற சத்தம் இல்லாம சுத்தணும். நட்டோட அடிப்பக்கம் குழிவா இருக்கும், அது ஆர்ம் முனையில இருக்கிற உருளை மேல சரியா உட்கார்ந்திருக்கணும். பாதி உட்காரும் பாதி உட்காராம விட்டா ஓட்டும்போது தானா உட்கார்ந்து மறுபடி லூஸ் ஆகும். அப்புறம் "நேத்துதான் டைட் வச்சேன், அதுக்குள்ள லூஸ் ஆயிடுச்சு"ன்னு மெக்கானிக்கைத் திட்டுவோம்.

புது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஏப்ரல் 1-லிருந்து புதுசா அறிமுகமாகிற மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1-லிருந்து எல்லா வண்டிக்கும், 125 சிசி வரைக்கும் குறைஞ்சது கூட்டு பிரேக்காவது இருக்கணும்னு நம்ம நாட்டுல சட்டம் வந்துடுச்சு. இடது லிவரை அமுக்கினா பின் பிரேக்கோட முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனா ஒரு லிவரோட விசை இப்போ ரெண்டு இடத்துக்குப் பிரிஞ்சு போகுது. பின் பக்கத்தை மட்டும் கண்டபடி லூஸாவோ இறுக்கமாவோ விட்டா அந்தப் பங்கீடு கெட்டுப் போகும். கூட்டு வியாபாரத்துல ஒரு பங்குதாரர் மட்டும் மூலதனம் போடாம விட்ட மாதிரி. எந்த வரிசையில சரி பண்ணணும்னு கையேட்டுல இருக்கு. அதே பாலித்தீன் கவர்தான்.

இதெல்லாம் இவ்வளவு சுலபமா இருந்தும் ஏன் வண்டிக்கு வண்டி பின் பிரேக் தொளதொளன்னு கிடக்குது? நான் யோசிச்ச வரைக்கும் முதல் காரணம், அது மெதுவா நடக்குது. தினம் ஓட்டறவர் கை, தேய்மானத்தோடயே சேர்ந்து பழகிடுது. இன்னிக்கு லிவர் நேத்தை விட ஒரு நூல் அதிகமா உள்ளே போகுதுன்னு எந்தக் கைக்கும் தெரியாது. இரவல் வாங்கி ஓட்டறவனுக்குத்தான் முதல் வளைவுலயே தூக்கிவாரிப் போடும். அதனால உங்க வண்டி பிரேக் எப்படி இருக்குன்னு தெரியணும்னா அதை வேற யார்கிட்டயாவது ஒரு ரவுண்டு கொடுங்க. அவர் முகமே ரிப்போர்ட்.

ரெண்டாவது, வண்டி நம்மை ஏமாத்துது. பிரேக் லைட் சுவிட்ச் லிவர்ல இருக்கு, லிவர் கொஞ்சம் அசைஞ்சாலே லைட் எரிஞ்சுடும். செல்ஃப் ஸ்டார்ட்டுக்கும் அதே சுவிட்ச்தான் பல வண்டியில. வண்டி ஸ்டார்ட் ஆகுது, லைட் எரியுது, பிரேக் சரியாத்தான் இருக்குன்னு மனசு சொல்லிடும். உண்மையில பின்னால வர்றவருக்கு நீங்க நிறுத்தறீங்கங்கிற தகவல் போயாச்சு. சக்கரத்துக்குத்தான் இன்னும் போய்ச் சேரலை. இதுக்கு நல்ல பரீட்சை லிவர் பூட்டு. பல ஸ்கூட்டர்ல இடது லிவரை அமுக்கி ஒரு கொக்கியால பூட்டி வைக்கலாம், சரிவுல நிறுத்தறதுக்கு. பூட்டின பிறகும் வண்டியைத் தள்ளினா நகருதுன்னா லைட்டை நம்பாதீங்க.

மூணாவதைச் சொன்னா வீட்டுல திட்டு விழும், இருந்தாலும் சொல்றேன். வீட்டு ஸ்கூட்டர் யாருடையதும் இல்ல. பைக்னா அண்ணனுடையது, ஞாயிற்றுக்கிழமை துணியால துடைப்பான், செயினுக்கு எண்ணெய் விடுவான். ஸ்கூட்டர் அம்மா மார்க்கெட்டுக்கு எடுப்பாங்க, அப்பா பாங்குக்கு எடுப்பார், தங்கச்சி டியூஷனுக்கு எடுப்பா. பெட்ரோல் போடவே சண்டை, இதுல பிரேக்கை யார் பார்க்கிறது? அதுலயும் லிவர் ரொம்ப உள்ளே போக ஆரம்பிச்சா முதல்ல கஷ்டப்படறது சின்னக் கை இருக்கிறவங்கதான். அப்பா அமுக்கினா நிக்கிற வண்டி தங்கச்சி அமுக்கினா நிக்காம போகலாம். அவ "பிரேக் சரியில்ல"ன்னு சொன்னா, இவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு, நீ சரியா பிடிக்கல"ன்னு தீர்ப்பு சொல்லிடுவார். எத்தனை வீட்டுல இது நடந்திருக்கும்! அவ சொன்னதுதான் சரி. பிரேக் நல்லா இருக்கான்னு சொல்ற உரிமை அதை ஓட்டறவங்கள்ல பலம் குறைஞ்ச கைக்குத்தான் உண்டு.

இதோட நம்ம ஊர் அறிவுரை ஒண்ணும் சேர்ந்துக்குது. ஸ்கூட்டர் கத்துக்கும்போது முதல் பாடமே "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே". பயந்து போய் வாழ்நாள் முழுக்க இடது கையிலயே ஓட்டறவங்க ஏராளம். பிரேக் பிடிச்சா வண்டியோட பாரம் முன் சக்கரத்துக்குப் போகுது. அதனால நிறுத்தற வேலையில பெரும்பங்கை முன் சக்கரத்தாலதான் செய்ய முடியும். பின் சக்கரத்தை மட்டும் அமுக்கினா அது பூட்டிகிட்டு வழுக்கும். நேரா போகும்போது ரெண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியா அமுக்கறதுதான் முறை. மணல்லயும் வளைவுலயும் ஜாக்கிரதை. ஆனா முன் பிரேக்கையே தொடாதவங்களுக்குப் பின் பிரேக்தான் ஒரே பிரேக். அந்த ஒண்ணும் லூஸ்.

கணக்கு போட்டுப் பாருங்க. 40 கிலோமீட்டர் வேகம்னா ஒரு வினாடிக்கு சுமார் 11 மீட்டர். லிவர் லூஸால பிரேக் பிடிக்கிறது கால் வினாடி தள்ளிப் போச்சுன்னு வச்சுக்குங்க. வண்டி கிட்டத்தட்ட 3 மீட்டர் சும்மா ஓடியிருக்கும். அதுக்கப்புறம்தான் நிற்க ஆரம்பிக்கும். 3 மீட்டர்ங்கிறது ஒரு ஸ்கூட்டரோட நீளத்தை விட அதிகம். ஷேர் ஆட்டோ திடீர்னு நடுரோட்டுல ஓரங்கட்டாம நிக்கிற ஊர்ல அந்த 3 மீட்டர் யாருகிட்ட இருக்கு?

மெக்கானிக்குகளை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. "டைட் வைங்க"ன்னு நாம கேட்டோம், அவர் வச்சார். லைனர் மாத்தணும்னு அவர் சொன்னா "காசு பிடுங்கப் பார்க்கிறான்"னு நாமதான் அடுத்த கடைக்குப் போறோம். அந்த நம்பிக்கைக் குறைவுக்கு மருந்து அம்புதான். கண்ணுக்கு முன்னாடி இருக்கிற அடையாளத்தை வச்சுப் பேசினா அவரும் ஏமாத்த முடியாது, நாமும் சந்தேகப்பட வேண்டாம். பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் ஒரு கோரிக்கை. 'பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்'னு பில்லுல போடறீங்களே, அதுக்குப் பக்கத்துலயே 'அம்பு அடையாளத்துக்கு இவ்வளவு முன்னாடி இருக்கு'ன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. டயர் எவ்வளவு மிச்சம், பேட்டரி எவ்வளவு வோல்ட்னு எழுதற தாளுக்கு இது பாரமா இருக்காது. போன தடவை பில்லையும் இந்தத் தடவை பில்லையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எத்தனை மாசத்துல ஷூ மாத்தணும்னு எங்களுக்கே தெரிஞ்சுடும். லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்ற இடத்துல, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் "அம்பு எங்கே இருக்கு, காட்டு"ன்னு கேட்டாலும் நல்லாத்தான் இருக்கும். கேட்க மாட்டாங்க, தெரியும்.

பி.கு. 1: நட்டு வரைக்கும் நாமே செய்யலாம். ஷூ மாத்தறது வேற விஷயம். பின் சக்கரத்தைக் கழட்டணும், பல வண்டியில அதுக்கு முன்னாடி சைலன்சரைக் கழட்டணும், திரும்ப மாட்டும்போது நடு நட்டைச் சரியான அளவு முறுக்கிப் பூட்டணும். அதைத் தெரிஞ்சவர்கிட்டயே விட்டுடுங்க. பக்கத்துல நின்னு பார்க்கிறதுக்கு மட்டும் காசு கிடையாது.

பி.கு. 2: டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைக் காத்துப் பைப்பால புஸ்ஸுன்னு ஊதுவாங்க. பழைய லைனர்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால துடைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பத்தடி தள்ளி நில்லுங்க.

பி.கு. 3: புது ஷூ மாட்டினதும் அது டிரம்மோட முழுசா பொருந்திப் படியறதுக்குக் கொஞ்ச தூரம் ஓடணும். அதுவரைக்கும் பிடிப்பு குறைவாத்தான் இருக்கும். கடையை விட்டு வெளியே வந்ததும் வேகம் எடுத்து சடன் பிரேக் போட்டுச் சோதிக்க வேண்டாம்.